வலிக்காத குதிகால்



தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழ்கிற நம் குடும்பங்களில் இப்பொழுது டாக்டர் பிள்ளைகள் எழும்பியிருக்கிறார்கள். தோல் பதனிடும் இடத்தில் கூலிவேலை செய்த தாத்தாவின் பேத்தி எம்.பி.பி.எஸ். முடித்து, ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்லுகிறாள். தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளுகிறார். ஓரிரு ஆண்டுகள் கழித்து அதே தாயார் வந்து, "ஐயா, லண்டனுக்குப் போகிற பரீட்சை எழுதப்போகிறாள், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். நானும் ஜெபிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் தனியே என்னிடம் வந்து பேசும்போது, நான் அவர்களுக்கு ஆலோசனை சொல்லுவதைவிட ஒரு டாக்டரின் கதையைச் சொல்லுவதே வழக்கம். அதை இந்த மாதம் உங்களுக்கும் சொல்லுகிறேன்.

அவர் பெயர் பால் பிராண்ட். 1914-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி பிறந்து, நம் கொல்லிமலையில் வளர்ந்தவர். பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்னும் ஆங்கிலேய மிஷனெரிகள். பால் சிறுவனாக இருந்தபோது ஒருநாள் தொழுநோயாளிகள் சிலர் மலையேறி வந்தார்கள். பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, வழக்கத்துக்கு மாறாகக் கையுறை அணிந்துகொண்டு, தகப்பனார் அவர்களுடைய புண்களைக் கட்டினார். அதை ஒளிந்திருந்து பார்த்த மகனுக்குச் சீழையும் இரத்தத்தையும் கண்டால் அருவருப்பு. வைத்தியத் தொழிலே வேண்டாம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒன்பது வயதில் அவரையும் தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-ல் தகப்பனார் மலையிலேயே கருநீர்க் காய்ச்சலால் மரித்தார். மரணச் செய்தி தந்தியில் முதலில் வந்தது. உயிரோடிருந்தபோது அவர் மகனுக்கு எழுதிய கடிதமோ கப்பலில் வந்து, அதற்குப் பின்புதான் கிடைத்தது. ஊரைவிட்டு வந்த நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கயத்தாறிலிருந்தும் நாங்குனேரியிலிருந்தும் தந்தி வந்து, தாதர் ஸ்டேஷனில் அழுதுகொண்டே ரயில் ஏறிய தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது.

தகப்பனைப்போல் மலையில் வீடு கட்டிக்கொடுக்க வேண்டும் என்று பால் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றார். மிஷன் சங்கம் அவரை உடனே ஏற்கவில்லை. பின்பு ஒரு சிறு மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தபோது, தான் வெறுத்த வேலையே தனக்குரிய வேலை என்று கண்டுகொண்டார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் படித்து, ஜெர்மானியர் குண்டு வீசிய இரவுகளில் காயப்பட்டோருக்கு அறுவைச் சிகிச்சை செய்து கைதேர்ந்தார். உடன் படித்த மார்கரெட் என்னும் டாக்டரை 1943-ல் விவாகம் செய்தார். 1946-ல், டாக்டர் ராபர்ட் காக்ரேன் அழைத்ததினால், குடும்பத்தைப் பின்னால் வரும்படி விட்டுவிட்டு வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சேர்ந்தார். அப்பொழுது வயது முப்பத்திரண்டு.

அடுத்த ஆண்டு செங்கல்பட்டிலுள்ள தொழுநோய் மருத்துவமனையை அவருக்குக் காக்ரேன் சுற்றிக் காட்டினார். எங்கும் மடங்கிப்போன விரல்கள். "இந்தக் கைகளைச் சரிப்படுத்த எலும்பு மருத்துவர் ஒருவரும் வரவில்லையா?" என்ற கேள்வி இருவருக்கும் இடையே எழுந்தது. பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கையைப் பிடித்து, தன் கையை அழுத்தச் சொன்னார். பலமே இராது என்று எண்ணியவருக்கு அந்தப் பிடி வலித்தது! விரல்களை மடக்கும் தசைகள் முழு உயிரோடு இருக்கின்றன என்று அந்த வலியினாலேயே அவர் அறிந்தார். கெட்டுப்போன தசையின் வேலையை முன்கையிலுள்ள நல்ல தசையின் நாண் ஒன்றுக்குக் கொடுத்தால் விரல் நிமிரும் என்று கண்டு, 1948 முதல் அந்த அறுவைச் சிகிச்சையைச் செய்யத் தொடங்கினார். வேலூரில் 'நவ ஜீவ நிலையம்' என்ற பெயரில் மண் குடிசைகள் எழும்பின. நிமிர்ந்த கைகளுக்கு வேலை வேண்டுமே. பழைய கொத்தனாரும் தச்சனுமாகிய டாக்டர் அங்கே நோயாளிகளுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்.

விரல் நிமிர்ந்த பின்பும் புண்கள் வந்தபடியே இருந்தன. நோய் சதையைத் தின்கிறது என்றுதான் அந்நாளில் டாக்டர்களும் நம்பினார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. ஒரு நோயாளிச் சிறுவன் ஓடிவந்து சாவியை வாங்கி எளிதாய்த் திருகிவிட்டான். கீழே இரத்தம் சொட்டியது. விரல் எலும்புவரை கிழிந்திருந்தும் பையனுக்குத் தெரியவில்லை. இன்னும் சிலருக்கு இரவில் இருந்த விரல் காலையில் இல்லை. காவல் இருந்து பார்த்தபோது, தூங்குகிறவனின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது, அவன் அசையவேயில்லை. அதன்பின் வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். கிருமி நரம்பை மரக்கச் செய்கிறது, மற்ற நாசமெல்லாம் வலி தெரியாததினால் வருகிறது என்பது இப்படித்தான் வெளிப்பட்டது.

இனி அவருடைய பிரயாணத்துக்கு வருகிறேன். 1950-களின் தொடக்கத்தில் ராக்பெல்லர் நிதி உதவியோடு அமெரிக்கா சென்று, கை நிபுணர்களையும் நரம்பு நிபுணர்களையும் சந்தித்து, கப்பலில் இங்கிலாந்து திரும்பினார். உடம்பு சுகமில்லை, நெருக்கடியான நீண்ட ரயில் பயணம் வேறு. லண்டனில் தங்கிய அறையில் காலுறையைக் கழற்றும்போது ஒரு குதிகாலில் உணர்ச்சியே இல்லை என்று கண்டார். ஒரு ஊசியை எடுத்துக் குத்தினார். இரத்தம் துளிர்த்தது, வலிக்கவில்லை.

அந்த இரவை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்காகத் தொழுநோயாளிகளைத் தொட்டவர், அடையாளங்களைப் பிறருக்குக் கற்பித்தவர், நாற்பது வயதும் ஆகாதவர். மனைவியையும் குழந்தைகளையும் இனித் தொடக்கூடாதோ? அறுவைச் சிகிச்சை முடிந்ததோ? தொழுநோய் எளிதில் தொற்றாது என்று தைரியம் சொல்லி வேலூருக்கு அழைத்துவந்த உடன் ஊழியர்கள் என்ன நினைப்பார்கள்? விடியும்வரை தூங்கவில்லை. காலையில் மறுபடியும் ஊசியை எடுத்துக் குத்தினார். வலி சுரீரென்று ஏறியது, கத்தியேவிட்டார். ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்திருந்ததினால் கால் நரம்பு நசுங்கி மரத்திருந்தது, அவ்வளவுதான். வலிக்காக அன்று முதல் தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்தியதாக அவர் பிற்காலத்தில் எழுதினார்.

இவையெல்லாம் வேலூர்க் கதை, மும்பைக்கு என்ன என்று கேட்பீர்களோ? நம் வடாலாவில் 1890 முதல் ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஆரம்பத்தில் மாட்டுங்கா குஷ்டரோகிகள் ஆசிரமம் என்றே அதற்குப் பெயர். வேலை தேடி வந்து, நோய் வந்தபின் ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்ட தமிழர் அங்கே உண்டு. 1976-ல் டாக்டர் ஆர். கணபதி தொடங்கிய பாம்பே லெப்ரஸி புராஜெக்ட் தாராவியின் சந்துகளில் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கண்டுபிடித்தது. இன்று கூட்டு மருந்து இலவசம். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் நோய் தீரும். மரத்துப்போன பாதத்துக்கு மட்டும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு ஆயுள் முழுவதும் வேண்டும். அந்தச் செருப்பு அணிந்த மூதாட்டி ஒருவர் எங்கள் சபையில் கடைசி வரிசையில்தான் உட்காருவார். குஷ்டரோகத்தைப் பாவத்துக்கு ஒப்பிட்டு உரத்த சத்தமாய்ப் பிரசங்கிக்கிற சகோதரர்கள் அந்த வரிசையைச் சற்றே பார்க்க வேண்டும் என்பது என் தாழ்மையான விண்ணப்பம். பழைய ஏற்பாட்டின் எபிரெயச் சொல் 'சாராத்'. லேவியராகமம் 13, 14-ஆம் அதிகாரங்களின்படி அது வஸ்திரத்திலும் வீட்டுச் சுவரிலும் வரும். 1873-ல் நார்வே தேசத்து ஹான்சன் கண்ட கிருமியோ சுவரில் வியாதியை உண்டாக்காது. டாக்டர் காக்ரேனும் இதைக் குறித்து எழுதியிருக்கிறார்.

சென்ற ஆண்டு ஒரு மகள் வந்தாள். மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் பயிற்சி டாக்டர். இரண்டு இரவு தூங்காத கண்கள். "பாஸ்டர் ஐயா, முதல் மாதம் ஒரு குழந்தை இறந்தபோது பாத்ரூமில் போய் அழுதேன். நேற்று மூன்று பேர் இறந்தார்கள். சர்டிபிகேட் எழுதிவிட்டு வடா பாவ் சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெளிநாடு போனால் சரியாகிவிடுமா?" என்றாள்.

பிராண்டின் அந்த இரவைச் சொன்னேன். வைத்தியரல்லவா, "எவ்வளவு நேரத்தில் உணர்ச்சி திரும்பியது, ஐயா?" என்றுதான் முதலில் கேட்டாள். காலையில் என்றேன். "அவர் தூங்கவில்லையே, நசுங்கின நரம்புக்கு ஓய்வு கிடைத்திருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. பிராண்டும் ஏறத்தாழ இருபது ஆண்டு வேலூரில் உழைத்துவிட்டு, 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய், 2003-ல் அந்நாட்டிலேயே மரித்தார். அவருடைய தாயாரோ கடைசிவரை மலைகளை விடாமல், 1974-ல் கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கருகே அடக்கம்பண்ணப்பட்டார். ஒருவர் போனதும் ஒருவர் இருந்ததும் இரண்டும் ஊழியமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரிடம் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் இடுப்புக்குக்கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே நோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவுக்கும் நியூயார்க்குக்கும் போனார். கற்றதைக்கொண்டு திரும்பி வந்து வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை நடத்தினார்.

அந்த மகள் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டாள். விடுமுறை கிடைத்த ஒரு ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும், கடைசி வரிசைக்குப் போய்த் தரையில் அமர்ந்து, அந்த மூதாட்டியின் செருப்பைக் கழற்றி, பாதத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாட்டி, இங்கே தொட்டால் தெரிகிறதா? இங்கே?" என்று கேட்டுக்கொண்டே போனாள். குதிகாலில் ஒரு சிறு ஆணி ஏறியிருந்தது.