எண்ணெய்க் கடைக்காரர் மகள்

விருதுநகரில் அப்பாவுக்கு எண்ணெய்க் கடை. சில்லறை வியாபாரம்தான். நல்லெண்ணெய், கடலையெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் தகர டின்களில் இருக்கும். அவர் சட்டையில் அந்த வாசனை ஞாயிற்றுக்கிழமைகூடப் போகாது. ஊரே எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போனது என்பதால் இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் எட்டாம் வகுப்பில் என் நெற்றியும் மூக்கும் மின்ன ஆரம்பித்ததும் கேலிக்கு வழி கிடைத்துவிட்டது. "உங்கப்பா கடையில டின்னு ஒழுகுதா?" என்று ஒரு பையன் கேட்டான். இப்போது துபாயில் இருக்கிறான், பொங்கலுக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறான். வாழ்த்தைப் பார்த்தால் எனக்கு டின்தான் ஞாபகம் வருகிறது.

அம்மா தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். கடலை மாவு, பயத்தம் மாவு, முல்தானி மட்டி, எலுமிச்சம்பழச் சாறு. எலுமிச்சை போட்ட அன்று முகம் எரியும். "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பாள். அப்பளம், வடை நிறுத்தப்பட்டன. நான் ஒரு நாளைக்கு ஆறு தடவை முகம் கழுவினேன். கழுவி அரை மணி நேரத்தில் மறுபடியும் அதே மினுமினுப்பு.

இந்த எண்ணெய்க்கும் வாணலிக்கும் சம்பந்தமில்லை என்பதை நான் ரொம்பப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். மயிர்க்கால்களை ஒட்டியிருக்கும் சீபச் சுரப்பிகள் தாங்களே தயாரிக்கிற சரக்கு அது. முகத்திலும் தலையிலும் அவை நெருக்கமாக இருக்கின்றன. வயதுக்கு வரும்போது ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் அவற்றைப் பெரிதாக்கி முடுக்கிவிடுகின்றன. மேலே இருப்பதை எத்தனை தடவை வழித்தெடுத்தாலும் உள்ளே இருக்கிற சுரப்பிக்கு அது தெரியப்போவதில்லை, தோல்தான் காய்ந்து எரியும். அதில் ஸ்குவாலீன் என்று ஒரு பொருள் உண்டு. சுறா மீனின் ஈரல் எண்ணெயிலிருந்து பிரித்ததால் சுறாவின் லத்தீன் பெயரே அதற்கு வந்தது. அப்பாவிடம் சொன்னபோது, "சுறா எண்ணெய் நம்ம கடையில கெடையாதே" என்றார், ரொம்ப சீரியஸாக.

2014இல் எனக்கு இருபத்து நாலு வயது. சென்னையில் வேலை. மாப்பிள்ளை வீடுகளுக்கு அனுப்ப போட்டோ எடுக்கப் போனோம். ஸ்டூடியோக்காரர் லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நெத்தி மட்டும்தாம்மா தெரியுது, பவுடர் போட்டுட்டு வாங்க" என்றார். அம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அன்று சாயங்காலமே ஒரு மெடிக்கலுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். கவுண்டரில் இருந்தவர் டியூப் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "ராத்திரி மட்டும் போடச் சொல்லுங்க, பத்தே நாள்ல பாருங்க" என்று சொன்னாராம். சீட்டெல்லாம் யாரும் கேட்கவில்லை.

பத்தே நாளில் பார்த்தோம். எண்ணெய்ப் பிசுக்கு குறைந்தது, பருக்கள் அடங்கின, நிறம் ஒரு சுற்றுக் கூடியது. "சென்னைத் தண்ணி ஒத்துக்கிருச்சு போல" என்றாள் சித்தி. அம்மா டியூபைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. எனக்கு மாதம் ஒன்று என்று ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தது. நான் ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸை வரிக்கு வரி படித்துவிட்டுத்தான் ஒரு லைப்ரரியைச் சேர்ப்பேன். ஆனால் அந்த டியூபின் பின்பக்கத்தை எட்டு மாதம் திருப்பிப் பார்க்கவில்லை. நிச்சயதார்த்தமும் முடிந்தது.

பிறகு அலுவலக வேலையாக புனேக்குப் போனபோது டியூபை மறந்துவிட்டேன். நாலாவது நாள் கன்னம் தீப்பட்டதுபோல் சிவந்தது. ஒரு வாரத்தில் முகமெல்லாம் சீழ் வைத்த பொடிப் பருக்கள். தண்ணீர் பட்டாலே எரிந்தது. கண்ணாடியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள், பூனை முடி.

சென்னைக்கு வந்து ஸ்கின் டாக்டரைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே, "டியூப் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். அதில் எழுதியிருந்த மூன்று பெயர்களை அவர்தான் படித்துக் காட்டினார்: ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாயின், மொமெட்டாசோன். கடைசியாக இருப்பது ஸ்டீராய்டு. ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அதனால் தோல் வெளுத்த மாதிரி தெரியும். வீக்கத்தை அமுக்கும், பருக்கள் காணாமல் போகும். கூடவே தோலை மெல்லிசாக்கும். நிறுத்தினால் சுருங்கிய குழாய்கள் விரியும், அமுங்கியதெல்லாம் மொத்தமாகக் கிளம்பும். உடனே பயந்து மறுபடியும் போடுவோம். போட்டதும் சரியாகும். "ஸ்டீராய்டைப் பழகிப்போன முகம் இது. மாசத்துக்கு நாலு பேராவது வர்றாங்க" என்றார்.

இந்த மூன்று மருந்துச் சேர்க்கையின் மூதாதை, அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1975இல் வில்லிஸ் என்பவருடன் சேர்ந்து வெளியிட்ட சூத்திரம். அதில் ஸ்டீராய்டு வேறு, டெக்ஸாமெத்தசோன். தோலில் திட்டாகக் கருப்பவர்களுக்கானது. முகப்பருவுக்கு ட்ரெடினாயினைக் கொண்டுவந்தவரும் இதே கிளிக்மன்தான். ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள்மேல் 1951இலிருந்து 1974வரை தோல் பரிசோதனைகள் நடத்தியவரும் அவரே. அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பர்கள். இதைப் படித்த இரவு தூக்கம் பிடிக்கவில்லை. பரு வந்தவர்களுக்கு இன்றைக்கும் நல்ல மருந்து ட்ரெடினாயின், நானே பிற்பாடு போட்டேன். இரண்டும் உண்மைதான், எனக்கு இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் வரவில்லை.

கல்யாணத்துக்கு நாலு மாதம் இருந்தது. மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன். அலங்காரம் செய்ய வந்த அக்கா மதுரைக்காரர். மற்றவர்களைப் போல என்னை இரண்டு நிறம் வெளுப்பாக்க முயலவில்லை, அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம். கருத்த தோலில் வெளுத்த பவுடரை அப்பினால் சாம்பல் பூத்துவிடும், அதில் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறது. "எண்ணெ மேல பவுடர் போட்டா மாவு பெசஞ்ச மாதிரி ஆயிரும் பாப்பா. மொதல்ல ஒத்தியெடு, அப்புறம் போடு" என்றார். தேய்க்கக் கூடாது, டிஷ்யூவை அழுத்தி எடுக்க வேண்டும். பிரைமர் மூக்கோரத்திலும் நெற்றியிலும் மட்டும். ஃபவுண்டேஷன் மெல்லிசாக இரண்டு தடவை, தடிமனாக ஒரு தடவை கூடவே கூடாது. முகூர்த்த நேரத்தில் ஹோமப் புகையில் எல்லாம் வடிந்தது, பின்னாலேயே நின்று ஒத்திக்கொண்டிருந்தார். ஜப்பானில் இதற்கென்றே காகிதம் உண்டு, தங்க இழை அடிக்கும்போது இடையில் வைக்கிற தாளிலிருந்து வந்தது. எனக்குக் கல்யாண மண்டபத்து டிஷ்யூதான்.

இப்போது காலையும் ராத்திரியும் மைல்டான ஃபேஸ் வாஷ், வாரத்தில் மூன்று நாள் சாலிசிலிக் ஆசிட், ஜெல் மாதிரியான மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். அவ்வளவுதான். மூன்று மணி மீட்டிங்கில் என் மூக்கு இன்னும் மின்னுகிறது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். தலைவலித் தைலம் தேடி அம்மாவின் பீரோவைத் திறந்தால், ஸ்டிக்கர் பொட்டு டப்பாவுக்குப் பின்னால் அதே டியூப். பழசில்லை. பாதி பிதுக்கியது.

"உனக்கு வாங்குனதுல ரெண்டு மிச்சம் இருந்துச்சுல்ல. வீணாப் போகுதேன்னு என் மங்குக்குப் போட்டேன். நல்லாக் கேட்டுச்சு."

"அது தீந்ததும்?"

"வாங்குனேன்."

அவள் கன்னத்து மங்கும் அந்தச் சிவப்பும் வயசாலும் அடுப்படிச் சூட்டாலும் வந்தவை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். 2018இல் மத்திய அரசு இந்த மாதிரி பதினாலு ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. அதற்குப் பிறகும் சீட்டில்லாமல்தான் வாங்கியிருக்கிறாள். அந்தக் கடைக்காரர்மேல் எனக்கு வந்த கோபம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

"ஏம்மா, எனக்கு என்ன ஆச்சுன்னு பாத்தேல்ல?"

"உனக்கு ஒத்துக்கலன்னு சொன்ன. எனக்கு ஒத்துக்கிருச்சு."

அப்படித்தான் சொல்லியிருந்தேன். டாக்டர் சொன்ன மற்ற எதையும் சொல்லவில்லை. ஆசையாக வாங்கிக் கொடுத்தது அவள், கல்யாணம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது, அழுவாள் என்று நினைத்தேன். 'ஒத்துக்கல' என்று முடித்துக்கொண்டேன்.

மறுநாளே மதுரைக்குக் கூட்டிப்போனேன். அவளுக்கும் ஒரேயடியாக நிறுத்தாமல் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார்கள். வெயில் படக் கூடாது, அடுப்பு வெக்கையைக் குறைக்க வேண்டும், சன்ஸ்கிரீன் போட்டே ஆக வேண்டும். டாக்டர் ஸ்டீராய்டு பற்றி விளக்கும்போது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸிலும் கேட்கவில்லை.

போன வாரம் போன் பண்ணினாள். எரிச்சல் தேவலையாம். "ஆனா நீ அனுப்புன க்ரீமு திருநீறு பூசுன மாதிரி இருக்குடி. அப்பா கேக்காரு, மூஞ்சி பூரா எதுக்கு விபூதின்னு."

அது துத்தநாக ஆக்சைடு. இரும்பு ஆக்சைடு கலந்து தோல் நிறத்திலேயே வருவதும் உண்டு, மங்குக்கு அதுதான் இன்னும் நல்லது என்று சொன்னேன்.

"வேற என்ன கலந்திருக்கு அதுல?" என்று கேட்டாள். டப்பாவின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள்.