கான்டெஸாவுக்கு எந்த எஞ்சின்?



அமெரிக்காவில் 1964-இல் போன்டியாக் ஜி.டி.ஓ. என்ற கார் 6.4 லிட்டர் வி-8 எஞ்சினோடு வந்து இளைஞர்களைக் கிறங்கடித்தது. 'மஸில் கார்' என்றாலே இன்றும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். நம்ம நாட்டில் அந்தத் தோற்றத்துக்குக் கிட்டே வந்தது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா. 1984-இல் வந்து 2002-இல் நின்று போனது. நீண்ட பானெட், அகலமான முகம். உள்ளே ஆரம்பத்தில் இருந்ததோ அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின்தான்! பயில்வான் உடம்பு, நோஞ்சான் மூச்சு.

தீர்த்தமலையில் எங்க மாமா வீட்டு வாசலில் அப்படி ஒரு வண்டி நிற்கிறது. மாமா அதற்கு இருபது வருஷம் டிரைவர். கடைசியில் முதலாளி வண்டியையே கொடுத்துவிட்டார். அரூர் போய்ச் சேருவதற்குள் அது இழுக்காமல் திணறியது. மாமா கையில் இருந்தது மாடு விற்ற 60,000 ரூபாய். மகள் படிப்புக்கும் அதேதான்.

"டீசல் எஞ்சின் போட்டுடலாம்" என்றார் பட்டறை மேஸ்திரி. "இசுஸு 1.8 பெட்ரோல் போடுப்பா, பறக்கும்" என்றான் மாமா பையன். மாமா என்னைப் பார்த்து, "ஏண்டா, நம்ம வம்சத்துலயே நீ ஒருத்தன்தான் படிக்கிறே. நீ சொல்லு" என்றார். எனக்கு வயிறு கலக்கியது.

யோசித்தேன். இசுஸு 1817 சி.சி. எஞ்சினைக் கம்பெனியே கான்டெஸாவில் பொருத்தியது. ஐந்து கியர் பெட்டியும் உண்டு. ஆனால் இப்போது அதற்கு உதிரிபாகம் எளிதில் கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. டீசல் என்றால் எடை கூடும், அதிர்வு கூடும், மவுண்ட்டிங் மாறும். 2014-இல் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு பழைய லாபமும் இல்லை. மாதம் நாலு தடவை ஓடும் வண்டியில் போட்ட காசை எப்போது எடுப்பது? எதைப் போட்டாலும் 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்.

"மேஸ்திரி, முதல்ல கம்ப்ரஷன் பார்ப்போம்" என்றேன். மூன்று சிலிண்டர் ஏறக்குறைய சமம். ஒன்றில் மட்டும் பாதிதான். அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம். ரிங் தேய்ந்திருந்தால் அளவு ஏறும். ஏறவில்லை. அப்படியானால் வால்வு!

ஹெட்டைக் கழற்றினோம். ஒரு எக்ஸாஸ்ட் வால்வு கருகி, அதன் சீட் உள்வாங்கியிருந்தது. அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து ஹெட். ஈயம்தான் வால்வு சீட்டுக்குக் கவசம் மாதிரி இருந்தது. 2000-த்தில் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. காற்றுக்கு நல்லது, பழைய ஹெட்டுக்குத்தான் பொல்லாதது.

லேத் பட்டறையில் கடினமான சீட் வளையம் இறக்கி, புது வால்வு போட்டு, கேஸ்கெட் மாற்றினோம். அம்பாசடரின் எஞ்சின் என்பதால் சாமான் தேடி அலையவில்லை. எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்.

வண்டி பறக்கவில்லை. ஆனால் அத்தையை ஏற்றிக்கொண்டு அரூர் வழியாகத் தருமபுரி வரை நிற்காமல் போய் வந்தது. மேஸ்திரி அந்த அளவுகள் எழுதிய சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாமா மகள் இந்த வருஷம் பத்தாவது. மீதிப் பணம் அப்படியே இருக்கிறது. அடுத்த வருஷம் நம்ம காலேஜில் ஒரு புதுமுகம் வந்து 'மெக்கானிக்கல் எந்தப் பக்கம்?' என்று கேட்டால், கொஞ்சம் வழி காட்டுங்கள் நண்பர்களே!