எதிர்சேவைக்கு நீங்க ரெடியா?

சித்திரை பிறந்துட்டா மதுரைக்காரங்களைக் கையில பிடிக்க முடியாது. வீட்டுக்கு வெள்ளையடிக்கணும். ஊர்லேர்ந்து வர்ற சொந்தபந்தத்துக்குப் பாய், தலகாணி தேத்தணும். மீனாட்சி கல்யாணம், தேர், அழகர்னு வரிசையா ஓடணும். நடுவுல நம்ம காலேஜ் வேற, சரியா பார்த்து செமஸ்டர் டைம்டேபிளை நோட்டீஸ் போர்டுல ஒட்டி வைக்கும்!

ஹாஸ்டல்ல இருக்குற பசங்களுக்கு ஒவ்வொரு வருஷமும் அதே கேள்விதான். ஊருக்குப் போகவா, வேணாமா? டிக்கெட் கேன்சல் பண்றதுக்கு முன்னால இந்தத் திருவிழாவோட கதையை ஒரு தடவை கேட்டுடுங்க.

ஊருக்கே ஒரு கல்யாணம்

கொடியேறின எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். அன்னையிலேர்ந்து ஆவணி வரைக்கும் மதுரையில அம்மா ஆட்சி. ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம். திருப்பரங்குன்றத்துலேர்ந்து முருகன் வர்றார். பவளக்கனிவாய்ப் பெருமாளும் கூடவே வந்து தங்கச்சியைத் தாரை வார்த்துக் கொடுக்குறார். தாலி கட்டுற நேரத்துக்கு ஊர்ப் பெண்கள் எல்லாரும் தங்களோட மஞ்சள் கயிற்றை மாத்திக்குவாங்க. மொய் எழுதலாம். சேதுபதி பள்ளிக்கூடத்துல பந்தியும் உண்டு. இன்விடேஷன் இல்லாம நீங்க தைரியமா போய்ச் சாப்பிடக்கூடிய ஒரே கல்யாணம் இதுதான்!

மறுநாள் தேர். அங்கேதான் ஒரு துப்பு கிடைக்குது.

மாசி வீதியில சித்திரைத் தேர்

தேர் ஓடுறது சித்திரையில. ஆனா ஓடுற வீதிக்குப் பேரு மாசி வீதி. கோயிலைச் சுத்தி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசின்னு அடுக்கடுக்கா வீதிகள். அப்புறம் ஏன் சித்திரைத் தேர் மாசி வீதிக்குப் போகுது?

ஒரு காலத்துல மீனாட்சி கல்யாணமும் தேரும் மாசியிலதான் நடந்துச்சு. அழகர் சித்திரையில மலையை விட்டு இறங்கி, மதுரைக்கே வராம, சோழவந்தான் பக்கத்துல இருக்குற தேனூருக்குப் போய் வைகையில இறங்குவார். அது தனித் திருவிழா, இது தனித் திருவிழா. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் ரெண்டையும் ஒரே மாசத்துக்குக் கொண்டுவந்தார்னு சொல்றாங்க. மாசி வயல்வேலை நேரம். சித்திரையில அறுப்பு முடிஞ்சு சனம் ஓய்வா இருக்கும், கையில கொஞ்சம் காசும் இருக்கும்.

இப்படி நகரமும் கிராமமும், சைவமும் வைணவமும் ஒரே தெருவுக்கு வந்தாச்சு. ஆனா சாமிங்க ரெண்டு பேரும் நேர்ல பார்த்துக்கிறதே இல்லையே? அதுக்கு சனங்களே ஒரு கதை கட்டினாங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு அண்ணன் அழகர் கிளம்பி வர்றார். ஆத்துக்குள்ள இறங்குறப்போ தாலி கட்டி முடிஞ்ச சேதி வருது. கோவிச்சுக்கிட்டு ஊருக்குள்ளேயே வராம வண்டியூர்ப் பக்கம் திரும்பிப் போயிடுறார். தலபுராணம் வேற சொல்லுது: துர்வாசர் சாபத்தால தவளையான சுதபஸ் முனிவருக்கு மோட்சம் கொடுக்கத்தான் அழகர் வர்றாராம். எந்த அப்பத்தாகிட்ட வேணா கேட்டுப் பாருங்க, கோவிச்சுக்கிட்ட அண்ணன் கதைதான் முதல்ல வரும். எல்லார் வீட்டுக் கல்யாணத்துலயும் அப்படி ஒரு தாய்மாமன் இருக்காரே!

மலையிலேர்ந்து ஆத்துக்கு

அழகர்கோயில் மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர். பதினெட்டாம்படி கருப்பசாமிகிட்ட உத்தரவு வாங்கிக்கிட்டு, கண்டாங்கி கட்டி, கையில கம்போட கள்ளழகர் வேஷத்துல கிளம்புறார். பின்னாடியே உண்டியல் வண்டிங்க வரும். வழியெல்லாம் மண்டகப்படி. மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டி, திருமங்கலம்னு சுத்துப்பட்டு சனம் மொத்தமும் ரோட்டுல. அந்தக் காலத்துல வண்டி கட்டிக்கிட்டு, புளிச்சோறு மூட்டையோட வந்து ஆத்து மணல்லயே படுத்துக் கிடந்தாங்க. இந்தக் கூட்டத்துல எந்தெந்த ஊர்க்காரங்க வர்றாங்க, என்ன வேஷம் போடுறாங்க, ஏன் வர்றாங்கன்னு ஊர் ஊராத் திரிஞ்சு விசாரிச்சு எழுதினவர் தொ. பரமசிவன். அவரோட 'அழகர் கோயில்' ஆய்வு 1989-ல மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடா வந்துச்சு. காலேஜ் லைப்ரரியில தேடிப் பாருங்க.

ஆத்துல இறங்குறதுக்கு முதல் நாள்தான் எதிர்சேவை. மூன்றுமாவடிக்கும் தல்லாகுளத்துக்கும் ஊரே திரண்டு போய் அழகரை எதிர்கொண்டு அழைக்கும். செம்புல சர்க்கரையை நிரப்பி, வாழை இலையால மூடி, மேல சூடம் ஏத்திக் காட்டுவாங்க. அன்னிக்கு ராத்திரி தல்லாகுளம் பெருமாள் கோயில்ல, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையைப் போட்டுக்கிட்டு, தங்கக் குதிரையேறி, விடியக்காலம் வைகைக்கு வர்றார். பச்சைப் பட்டு கட்டியிருந்தா விளைச்சல் அமோகம்னு பெருசுங்க முகத்துல சிரிப்பு. தண்ணி? ஆண்டிபட்டி பக்கத்துல 1959-ல திறந்த வைகை அணையிலேர்ந்து இதுக்குன்னே திறந்து விடுறாங்க.

அப்புறம் வண்டியூர், அங்கே துலுக்க நாச்சியார் கதை. அடுத்து மண்டூக முனிவருக்கு மோட்சம். அது நடக்குற மண்டபத்துக்குப் பேரு தேனூர் மண்டபம். திருவிழா ஊரை விட்டுப் போனாலும் தேனூர்க்காரங்க பேரு மட்டும் போகலை, கவனிச்சீங்களா? ராத்திரி பூரா ராமராயர் மண்டபத்துல தசாவதாரம். கடைசியா பூப்பல்லக்கு, மறுபடியும் மலை.

ஆளில்லாத சித்திரை

2020-ல கொரோனா. திருக்கல்யாணத்தைச் சில பட்டர்கள் மட்டும் நடத்த, நாம செல்போன்ல பார்த்தோம். அழகர் மலையை விட்டு இறங்கவே இல்லை. 2021-லயும் கோயில் வளாகத்துக்குள்ளேயே முடிஞ்சுது. சாமி இருந்துச்சு, பட்டர் இருந்தாங்க, சனம்தான் இல்லை. 'எப்ப பார்த்தாலும் கூட்டம்'னு அலுத்துக்கிட்ட பசங்ககூட அந்த ரெண்டு வருஷம் வெறிச்சோடின ரோட்டைப் பார்த்து உச்சுக்கொட்டினாங்க. 2022-ல மறுபடி அழகர் ஆத்துக்கு வந்தப்போ ஏங்கிப்போன சனம் அலைமோதிச்சு. அந்த நெரிசல்ல ரெண்டு உயிர் போச்சு. பக்தியோ பாசமோ, மூச்சு விட இடம் இருந்தாத்தான்.

அதனால சில விஷயம். குழந்தைகளையும் பெரியவங்களையும் முன்வரிசைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. தொலைஞ்சா எங்கே கூடணும்னு முன்கூட்டியே பேசி வைங்க. பீச்சுறதுக்குத் தோல்பைத் தண்ணி போதும். ப்ரஷர் பம்ப், கெமிக்கல் எதுவும் வேணாம். நீர்மோர் பந்தல்ல குடிச்ச டம்ளரை ஆத்துல வீசாதீங்க. விடியக்காலம் முடியலைன்னா ராத்திரி தசாவதாரம் பார்க்கலாம்.

சரி, ஊருக்குப் போகவா வேணாமா? எதிர்சேவைங்கிற பேரைக் கொஞ்சம் யோசிங்க. வர்றவர் வந்து சேரட்டும்னு வீட்டுக்குள்ள உட்காராம, பாதி தூரம் நடந்து போய் அழைச்சுட்டு வர்றது. சாமிக்கு மட்டும் செய்யணும்னு யார் சொன்னா? மேலூர்லேர்ந்து மஞ்சப்பையோட பஸ் ஏறி வர்ற அப்பத்தாவுக்கும், கையில சீட்டை வெச்சுக்கிட்டுத் தெருப்பேர் தேடுற பெரியப்பாவுக்கும் அது பொருந்தும். 'பெரியார் பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஷேர் ஆட்டோ புடிச்சு வந்துருங்க'ன்னு போன்ல வழி சொல்றது எதிர்சேவை இல்லை மாப்ளே!

பரீட்சை இருந்தா எழுதுங்க, அதுதான் முதல். முடிச்சுட்டு லேட்டா வந்தாலும் பரவாயில்லை. அழகரே லேட்டுதான். அவருக்காகச் சர்க்கரைச் செம்போட ஊரே நின்னுச்சு. உங்களுக்காகவும் வீட்டுல ஒருத்தர் தூங்காம உட்கார்ந்திருப்பாங்க.