சிலையும் சங்கிலியும்

1925ஆம் ஆண்டு அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, பனிவெளியைக் கடந்து மருந்தைக் கொண்டுசேர்த்தவை வடபுலத்துச் சறுக்குவண்டி நாய்கள். இறுதிக் கட்டத்தில் முன்னின்று ஓடிய பால்ட்டோவுக்கு அவ்வாண்டே நியூயார்க்கில் சிலை எழுந்தது. இக்கதையை வகுப்பில் கூறுந்தோறும் மாணவர் சிலையைப் பற்றியே வினவுவர். எம் நெஞ்சமோ அதன்பின் நிகழ்ந்ததில் நிலைகொள்ளும்.

சிலை அங்கே நிற்க, பால்ட்டோவும் தோழமை நாய்கள் ஆறும் லாஸ் ஏஞ்சல்ஸின் மலிவான காட்சிக்கூடமொன்றில் கட்டுண்டு மெலிந்து கிடந்தன. (மிக நெடிய தொலைவு ஓடிய டோகோவைப் பலர் அறியார் என்பது வேறொரு வருத்தம்.) அவற்றைக் கண்டு உருகியவர் கிளீவ்லாந்து வணிகர் ஜார்ஜ் கிம்பிள். கேட்கப்பட்ட விலை 2,000 டாலர். அந்நகரப் பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசுகளாய்த் திரட்டினர். நாய்களின் வயதையோ, அவற்றால் இனி விளையும் பயனையோ அவர்கள் கணக்கிட்டதாக யாம் எங்கும் படித்திலோம். 1927 மார்ச்சில் ஏழும் கிளீவ்லாந்து விலங்குக்காட்சிச் சாலையை அடைந்தன. முதுமையில் கண்ணொளி மங்கிய பால்ட்டோ, 1933இல் இறக்கும்வரை அங்கேயே பேணப்பட்டது.