மலை ரயிலும் மொறுமொறு வர்க்கியும்

நீலகிரி என்றதும் எல்லோருக்கும் புதுமணத் தம்பதிகளின் நினைவுதான் வருகிறது. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் ஆனவர்கள் அங்கே போகக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே! பெண்ணைப் புக்ககம் அனுப்பிய கையோடு நானும் என் கணவரும் கிளம்பிவிட்டோம். துணைக்கு ஒரு நோட்டுப் புத்தகம். இடது பக்கத்தில் ஊர், நேரம், உயரம் முதலியவற்றை அவர் எழுதுவது. வலது பக்கத்தில், சாப்பிட்டதை நான் எழுதுவது. இதுதான் ஒப்பந்தம்.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறியதுமே இடது பக்கம் நிரம்பத் தொடங்கியது. குன்னூர் வரை 1899-லும், உதகை வரை 1908-லும் திறந்த பாதை, 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள், 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஆரம்பமாகிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. இந்த எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது.

"நம் வீட்டில் நீ மாதிரி!" என்றார் அவர். இதை வலது பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்கிறது. பிரயாணிகள் தேநீர் குடிக்கிறார்கள். அந்தக் குளிருக்கு அங்கே கிடைத்த சூடான வடை தேவாமிர்தம்!

குன்னூரில் இறங்கி இரண்டு நாள் தங்கினோம். வர்க்கியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மைதா மாவை மடித்து மடித்து அடுக்காக்கி, விறகு அடுப்பில் சுட்டெடுக்கிறார்கள். 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தேநீரில் ஒரு நொடி தோய்த்தால் போதும். இரண்டு நொடியானால் வர்க்கியைக் கோப்பைக்குள்தான் தேட வேண்டும்!

தேயிலைத் தோட்டத்து ஓரமாக நடந்தபோது, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எங்க அம்மா கண்டிச் சீமையிலே பிறந்தவங்க. கப்பல்லே வந்தாங்க" என்றார், கை நிற்காமலே.

1964-ல் ஏற்பட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-ல் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் இங்கே தொடங்கப்பட்டன. ஒரு கிலோ தேயிலைக்கு நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். "வீட்டிலே என்ன டீ போடுவீங்க?" என்று கேட்டேன். "தூள் டீதாம்மா. பால் இருந்தா பால்" என்று சிரித்தார். அன்று மாலைத் தேநீரை ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்க மனம் வரவில்லை.

உதகையில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை. சாம்பார் வரத் தாமதமாயிற்று. "இந்த ஊர்லே பருப்பு சட்டுனு வேகாதும்மா" என்றார் கடைக்கார அம்மாள். விஷயம் உண்மைதான். உதகை 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். சூடு அதற்கு மேல் ஏறாது. பிரஷர் குக்கர்தான் மலைவாசிகளின் ஆபத்பாந்தவன்!

காத்திருந்தபோது தேநீர் வந்தது. "எனக்குச் சர்க்கரை வேண்டாம்" என்றேன். இவர் திகைத்துப் போனார். "உனக்குச் சர்க்கரை பிடிக்காதா?" வீட்டில் எல்லோருக்கும் போட்டது போக மிஞ்சியதுதான் எனக்கு, அதில் சர்க்கரை ஏற்கனவே கலந்திருக்கும். பரிமாறுகிறவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டால்தானே இதெல்லாம் தெரியும்! அன்று நோட்டின் வலது பக்கத்தில் முதல் தடவையாக அவர் கையெழுத்து விழுந்தது: "இவளுக்குச் சர்க்கரை கூடாது."

போக நினைக்கும் சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. மலை ரயிலுக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். காரில் போவதானால், 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் விவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அங்கே தடை. கூஜாவோ எவர்சில்வர் பாட்டிலோ கொண்டு போங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும். வலது பக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்!