திடலுக்கு உடையவர் யார்?

உதைபந்தாட்டக் கழகமொன்று யாருக்குச் சொந்தம் என்னும் வினா மேலைநாடுகளிற் பெருவழக்காக வளர்ந்துள்ளது. ஜெர்மனியில், சில விலக்குகள் நீங்கலாக, கழகத்தின் வாக்குரிமையிற் பெரும்பகுதி உறுப்பினரிடமே இருத்தல் வேண்டும் என்பது விதி. இங்கிலாந்தில் அத்தகைய காப்பு இல்லை. 2005ஆம் ஆண்டில் மன்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தை அமெரிக்கக் குடும்பமொன்று கடன்பட்டு வாங்கியபோது, வெகுண்ட ரசிகருட் சிலர் பிரிந்து சென்று தமக்கெனப் புதுக்கழகம் ஒன்று கண்டனர். சொந்த அரங்கில் ஆடுவதற்கு அவர்கள் பத்தாண்டுகள் காத்திருந்தனர். ஊவாத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பந்தடிப்போர் இதைக் கேட்டால், பத்தாண்டில் முடிந்துவிட்டதா என்றே வியப்பர்.

பதுளை நகரிலே வின்சன்ட் டயஸ் விளையாட்டரங்கு உண்டு. ஆயினும் தோட்டத்து உதைபந்தாட்டம் வளர்வது அங்கன்று. பசறை, லுணுகலை, ஹாலிஎல, அப்புத்தளைப் பக்கங்களில், தேயிலைக்கு உதவாதெனக் கைவிடப்பட்ட துண்டு நிலத்திலோ தொழிற்சாலையருகே வெட்டிச் சமப்படுத்திய மேட்டிலோதான் அது வளர்கிறது. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் சரிவு. உதை சற்றே பிழைத்தால் பந்து தேயிலை நிரைகளினூடே உருண்டோடி ஓடையில் விழும். அதனை எடுத்துவரவென்றே கீழ்வரம்பிற் சிறுவர் நிற்பர். இச்சிறுவர் பதவி இலேசானதன்று. நாளைய ஆட்டக்காரர் இவர்களிலிருந்தே தெரிவாகின்றனர்.

மேற்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் ஆட்டம் என்றால் லயங்களில் ஆளிருக்காது. வாரம் முழுதும் கொழுந்தெடுத்துக் களைத்த பெண்கள் மேட்டில் அமர்ந்து ஆட்டக்காரரைப் பெயர் சொல்லி ஏசுவர். தீபாவளிக்குக் கொழும்புக் கடைகளிலிருந்து திரும்பும் இளைஞர் சட்டைகளுக்குப் பணம் தருவர். கம்பம் நடுதல், புல் செதுக்குதல், மழைநீருக்குக் கான் வெட்டுதல் யாவும் சிரமதானமே. கழகத்தைப் பொறுத்தமட்டில் ரசிகரே உடைமையாளர். எந்த ஜெர்மானிய விதியும் இங்கு தேவைப்படவில்லை.

நிலத்தின் கதை வேறு. அது பிரித்தானியக் கம்பனிகளிடம் இருந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாகி, ஜனவசமவினதும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தினதும் கைக்கு மாறியது. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது; நிலம் அரசினது, குத்தகை கம்பனியினது. இத்தனை கைமாற்றத்திலும், திடலைச் செதுக்கியவரிடம் ஒரு சொல் கேட்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவரிடம் மைதானம் பற்றிக் கேட்பார் யார்?

பிரசாவுரிமை வந்த பின்னரும் ஒரு தடை எஞ்சியது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக விளங்கியது. தோட்டத்தவர் சபைக்கு வாக்களிக்கலாம். சபையோ தோட்டத்துள் ஒரு கானும் கட்டித்தர இயலாது. 2018இலேதான் அப்பிரிவு திருத்தப்பட்டது. அதுவரை தோட்டத்துத் திடலைத் திருத்துவதா விடுவதா என்பது துரையின் மனம்போன்றது. விளையாட்டில் விருப்பமுள்ள துரை வாய்த்தால் கம்பத்துக்கு இரும்புக்குழாய் கிடைக்கும். அவர் மாற்றலாகிப் போனால் திடலில் விறகு அடுக்கப்படும்.

இப்போது எழுந்துள்ள சிக்கல் இதனினும் கடியது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபின், பதுளை மாவட்டத்திற் பாதுகாப்பான சமநிலத்தின் அருமை யாவருக்கும் விளங்கிற்று. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்பது நெடுநாட் கோரிக்கை, நியாயமான கோரிக்கை. ஆனால் மலைத்தோட்டத்திற் சமநிலம் என்று இருப்பது பெரும்பாலும் அந்தத் திடல் ஒன்றே. தேயிலை நின்ற நிலத்தை விட்டுக்கொடுக்கக் கம்பனி தயங்குமிடத்து, அளவையாளரின் கண் திடலின் மீதே விழும். வீடு கேட்பவரும் பந்தடிப்பவரும் ஒரே குடும்பத்தினர். தாய்க்கு வீடா, மகனுக்குத் திடலா என்று அவர்களுக்குள்ளேயே வழக்கு வைத்துவிட்டு, நூற்றுக்கணக்கான ஏக்கரைக் குத்தகையில் வைத்திருப்போர் ஒதுங்கி நிற்பது முறையன்று. வீட்டுத்திட்ட வரைபடம் வரையும்போதே திடலையும் அதிற் குறித்துப் பிரதேச சபையின் பொறுப்பில் எழுதிவைக்கலாம். சபைக்கு இன்று அதற்கு வழியுண்டு. குத்தகைக் கம்பனியின் இசைவும் வேண்டும். அதனைக் கேட்டெழுதும் முதற் கடிதம் கழகத்திலிருந்தே புறப்படவேண்டும்.