தம்பியின் தலைமுடி

சனி

தம்பிக்கு 24 வயது. தையில் பெண் பார்க்கத் தொடங்கும் முன் முடி நட்டுக்கொள்ள வேண்டும் என்கிறான். விளம்பரம் பார்த்துப் போன இடத்தில், தலையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் 3,000 கிராஃப்ட் (எடுத்து நடும் முடிவேர்), மாதத் தவணை வசதி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதியவர் மருத்துவரே இல்லையாம். 2016-ல் சென்னையில் இந்தச் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் இறந்துபோன செய்தி நினைவுக்கு வந்து, எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

செவ்வாய்

தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பின்னந்தலையில் சின்னக் கருவியை வைத்தார். திரையில் ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று முடி, எல்லாம் கனமாக. உச்சிக்கு நகர்த்தியதும் கனமான முடிகளுக்கு நடுவே பூனைமுடி.

"இதெல்லாம் இன்னும் கொட்டல தம்பி, கொட்டப் போறது. இப்ப நெத்தியில நட்டா அது நிக்கும், அதுக்குப் பின்னாடி இருக்கிறது போயிட்டே இருக்கும். முன்னாடி மட்டும் தீவு மாதிரி தெரியும்."

பின்னந்தலை முடி இடம் மாறினாலும் குணம் மாறாது என்று நியூயார்க் மருத்துவர் நார்மன் ஆரன்ட்ரைக் 1959-ல் எழுதியதுதான் இந்தச் சிகிச்சைக்கே அடிப்படை. ஆனால் எடுத்த வேர் எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. ஆயுசுக்கும் இருப்பு அவ்வளவுதான். அதை 24 வயதில் காலி செய்துவிட்டு, 40-ல் உச்சி வழுக்கையானால் எதை வைத்து நடுவது?

முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டிரைடு மாத்திரையைப் பற்றிப் பேசும்போது என்னை வெளியே உட்காரச் சொன்னார். அது சிலருக்குத் தாம்பத்தியத்தில் சிக்கல் தரும். அதை அவனிடம் மறைக்காமல் சொன்னதற்காகவே அவர்மேல் மரியாதை கூடியது.

வெள்ளி

"ஒரு வருஷம் மருந்து போட்டுப் பாருன்னா, அதுவரைக்கும் நான் எப்படிக்கா வெளிய போறது?" என்று கேட்டான். அந்த வேதனையை வீண் பகட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நட்ட முடியும் முதல் சில வாரங்களில் பெரும்பாலும் கொட்டிவிடும். மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் முளைக்கும். முழுசாகத் தெரிய ஒரு வருஷம் ஆகும். தைக்குள் ஆகிற காரியமில்லை. இதைச் சொன்ன பிறகுதான் சரி என்றான்.

மருந்தில் உதிர்வு நின்று, அப்போதும் அவனுக்கு ஆசை இருந்தால் நானே கூட்டிப்போவேன். துளை போடுவது மருத்துவரா, உதவியாளரா? மயக்க மருந்து கொடுப்பவர் கடைசிவரை கூட இருப்பாரா? இதற்கு நேராகப் பதில் சொல்லாத இடத்தில் அவனைப் படுக்க விடமாட்டேன்.